கம்பிக் கண்ணாடி

அரநாயக்கப் பக்கத்தில், பாதி தேயிலையும் பாதி ரப்பருமாகக் கிடக்கும் அந்தத் தோட்டத்தில் போய் அழகமுத்து என்று விசாரித்தால் "எந்த அழகமுத்து?" என்று திருப்பிக் கேட்பார்கள். "கம்பிக் கண்ணாடி" என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூட வேன் நிற்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டும். பட்டப்பெயர் வைப்பதில் தோட்டத்துச் சனத்தை அடிக்க ஆள் கிடையாது. ஒருத்தன் ஒரு தரம் வாய் தவறிச் சொன்னதை அவன் செத்த பிறகும் விடமாட்டார்கள், மரண நோட்டீசிலும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

அழகமுத்து தோட்டத்து வேனின் டிரைவர். வேன் என்றால் பேருக்குத்தான் வேன், வேலை முழுக்க ஆஸ்பத்திரி வேலை. வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சி, மலையில் குளவி கொட்டினவள், ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டவன், எல்லாரையும் மாவனல்லைக்கோ கேகாலைக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. நோய்க்கு ஞாயிறு ஏது, தீபாவளி ஏது? கூப்பிட்டால் எழும்ப வேண்டியதுதான். உடம்பு என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோய் ரொம்ப நாளாகியிருந்தது. கேகாலை ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கிவிட்டு, மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. அந்த மரத்துக்கு நேர் எதிரே கண் கிளினிக். எத்தனையோ பேரை அவரே கையைப் பிடித்து அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

டிரைவர் வேலையில் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் வீடு. டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் தனி வீடு. இரண்டு அறை, முன்னால் நாலு பூச்செடி வைக்க இடம், எல்லாத்துக்கும் மேலே தனிப் பைப்பு. அவர் மனைவி மல்லிகா கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து வரிசை வீடுகள் இருந்த லயத்துப் பொதுப் பைப்பில் வாளியை வரிசையில் வைத்துச் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தவள். ரப்பர் மலையில் ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவள். இந்த வீட்டுக்கு வந்த அன்று பைப்பைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிந்த பிறகும் மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். டிரைவர் வேலை போனால் வீடும் போகும். அது தோட்டத்துச் சட்டம், யாரும் எழுதி ஒட்டத் தேவையில்லை.

பழைய வேன் இனி எந்த மெக்கானிக் பாஸாலும் பிழைக்கவைக்க முடியாது என்று ஆன பிறகு, இரண்டு வருஷத்துக்கு முந்தி கொழும்பு ஆபீசிலிருந்து இந்த வெள்ளை வேனை அனுப்பினார்கள். குளிர் நாட்டில் ஓடிக் கப்பலில் வந்தது. அதன் முன்கண்ணாடியில்தான் சங்கதி இருந்தது. உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கண்ணாடி. சாயங்கால வெயில் சரிந்து விழும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே தலைமயிரைவிட மெலிசான கம்பிகள் வலை மாதிரிப் பின்னிக் கிடப்பது தெரியும். டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு சுவிட்ச்.

"அது பனிக்காகப் போட்டது" என்றான் வேனைக் கொண்டுவந்து விட்டவன். அவன் சொன்னது அந்த நாட்டில் கொட்டி உறையும் பனியை. தோட்டம் புரிந்துகொண்டது, காலையில் மலையை மூடிக்கொண்டு வரும் நம்முடைய பனியை. "நம்ம ஊரு பனிக்குத் தோதான வண்டிதான்" என்று எல்லாருக்கும் சந்தோஷம். வெளியில் நிற்கும் பனியைக் கம்பி என்ன செய்யும்? கண்ணாடியில் படியும் ஆவியைத்தான் விரட்டும். ஆனால் அதை விரட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! மழைக் காலத்தில், உள்ளே ஏழெட்டுப் பேர் மூச்சுவிட்டுக் கண்ணாடி வெளுத்துப் போயிருக்கும்போது சுவிட்சைத் தட்டினால் போதும், இட்லிச் சட்டி மூடியைத் துணியால் துடைத்த மாதிரிப் பளிச்சென்று ஆகிவிடும். ஏறுகிற நோயாளிக்கெல்லாம் அதைத் தட்டிக் காட்டாமல் அழகமுத்து வண்டியை எடுத்ததில்லை. வயிற்று வலிக்காரன் என்ன கண்டான் பாவம், அவனும் முனகிக்கொண்டே தலையாட்டுவான்.

வந்த சில மாதத்திலேயே தொல்லை தொடங்கிவிட்டது. இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் எதிரே பஸ் வந்தால், அதன் லைட் ஒரு லைட்டாக வருவதில்லை. நாலு பக்கமும் நூல் நூலாகப் பிரிந்து, கண்ணாடி முழுக்கச் சிலந்தி கட்டின மாதிரி விரிந்துகொண்டு வரும். அதற்குப் பின்னால் ரோடா, பள்ளமா, ஆளா ஒன்றும் விளங்காது. முதலில் கண்ணைக் கசக்கினார். பிறகு ஒரு நாள் சாய்ந்த வெயிலில் அந்தக் கம்பிகளைப் பார்த்தார். அடப்பாவி, இதுவல்லவா லைட்டைப் பிடித்து இழுத்துப் பிரிக்கிறது என்று புத்தியில் பட்டது. பட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினது. அன்றைக்கே கடையில் போய், "கண்ணாடிக்குள்ள கம்பி இருக்குங்க, அதான் கண்ணக் கூசுது" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"என்ன அண்ணே, இன்னைக்கு எத்தனை கம்பி எண்ணுனீங்க?" என்று ஸ்டோர் வாட்சர் கன்னையா தினமும் கேட்பார். ஜெயிலுக்குப் போனவனிடம் கேட்கிற கேள்வி அது. "உன்னையும் உள்ள தள்ளிட்டுத்தான் எண்ணணும்" என்று இவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை மல்லிகா காமாட்சி விளக்கு ஏற்றும்போது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"திரியைக் கொஞ்சம் இறக்கு புள்ள, கூசுது."

அவள் இறக்கிவிடுவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். பால் ஊற்றாத பிளேன்டியைக் கொண்டுவந்தால் மேசையில் வைக்காமல் கையில் கொடுப்பாள். முன்பெல்லாம் மேசையில்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே ஓடியிருக்கும், அன்று லயத்து வெள்ளையம்மா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். பொழுது சாய்கிற நேரம். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ரப்பர் ஸ்டோர் வளைவில் பஸ் ஒன்று லைட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினது. நூல்கள் விரிந்தன. பஸ் தாண்டிய அடுத்த நொடி, விறகுக் கட்டோடு ஒரு உருவம் வண்டியின் மூக்குக்கு நேரே நின்றது. பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி குறுக்காகத் திரும்பி நின்றது. விறகு ரோடு முழுக்கச் சிதறியது. வெள்ளையம்மா ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் உட்கார்ந்திருந்தாள். அடி ஒன்றும் இல்லை, பயத்தில் விழுந்ததுதான். ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நாலு புள்ள பெத்தவ அண்ணே நானு! எமனை வேனுல ஏத்திக்கிட்டா வாறீங்க?"

"கம்பி, தங்கச்சி... அந்தக் கம்பிதான் மறைச்சிருச்சு" என்றார் அழகமுத்து. விறகைப் பொறுக்கி அடுக்கி அவள் தலையில் தூக்கிவிட்டார்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் விஷயம் தோட்டத்தை நடத்தும் துரையின் காதுக்குப் போய்விட்டது. இப்போதைய துரை குருநாகல் பக்கத்துச் சிங்கள ஆள், வயசில் அழகமுத்துவின் மகன் மாதிரி. தமிழை இந்தப் பெரட்டுக் களத்தில் நின்றே படித்துக்கொண்டவர். ஆபீசுக்குக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்.

"அழகமுத்து, கண்ணாடியா, கண்ணா? ஒண்ணு சொல்லு."

"கண்ணாடிதாங்க ஐயா."

கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஹரி, சரி. கண்ணாடின்னா நான் கொழும்புக்குச் சண்டை போட்டு மாத்தித் தாறேன். கண்ணுன்னா வேன் சாவி வேற ஆளுக்கு. இதுல மனுஷங்க போறாங்க, கொழுந்து மூட்டை இல்ல. சரியா? கொண்டுபோய்க் காட்டிட்டு வா."

கேகாலைக்குப் போகிற ரோட்டில் றிஸ்மி என்று ஒரு எலக்ட்ரிசியன். வாகனத்து வயரிங், ஏசி, கண்ணாடி எல்லாம் பார்ப்பான். பொறுமைசாலி. அழகமுத்து பஸ் லைட்டில் தொடங்கி வெள்ளையம்மா வரைக்கும் சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிளேன்டிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை அப்படியே தூக்கிக்கொண்டு வேனுக்குள் ஏறினான். ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்க வெளுத்தது. சுவிட்சைத் தட்டினான். எல்லா இடமும் மளமளவென்று தெளிந்தது. இடது பக்க மூலையில், எப்போதோ கல் தெறித்த இடத்தைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெண்மை மிஞ்சி நின்றது.

"பாத்தீங்களா அண்ணே? அந்த எடத்துல கம்பி அறுந்து இரிக்கி. ஆனாலும் மத்த எடமெல்லாம் வேல செய்யிது. ஏன்? கரண்டுக்கு ஒரு பாத அடைபட்டா பக்கத்துப் பாதயால சுத்திக்கிட்டுப் போகும். வலயா பின்னி வெச்சதுக்கு அதான் லாபம்."

"அப்ப சுத்திப் போற கம்பிக்குப் பாரம் கூடாதா தம்பி?"

"கூடத்தான் செய்யும். அதுதான் மத்ததுக்கு முந்திச் சூடாகும். மிச்சம் அறுந்தா அதுவும் ஒரு நாளைக்கு போயிடும்."

"எங்க மலையில நாலு பேரு வேலைக்குப் பேர் போடலைன்னா வந்தவளுங்க தலையில அவளுங்க நெரையும் விழுகிற மாதிரி" என்றார் அழகமுத்து. மல்லிகாவின் முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது.

றிஸ்மி சிரித்தான். "அது மாதிரித்தான். இந்தக் கண்ணாடி செய்றவனுக்கு என்ன தலவலி தெரியுமா? கம்பிய தடிப்பா போட்டா கரண்டு சும்மா ஓடும், ஆனா கண்ணுல குத்தும். மெலிசாக்கினா கண்ணுக்குத் தெரியாது, ஆனா கரண்டு முக்கி முக்கித்தான் போகும். கூட்டிப் பின்னினா கண்ணாடி இருட்டிப் போகும். பாரத்தையும் தூக்கணும், கண்ணுலயும் படக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு புடிக்கணும்."

பிறகு கராஜின் கடைசி மூலையில் ஒரு பல்பைப் போட்டுவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். அழகமுத்து பக்கத்தில் நின்று, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவன் வாயையே பார்த்தார்.

"நூல் நூலா வருதுதான் அண்ணே. லேசா."

"ஒனக்கும் தெரியுதா?" என்று கத்தியேவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாளாக ஊர் தன்னைக் கேலி பண்ணினதெல்லாம் போகட்டும், இனிமேல் தான் பைத்தியக்காரன் இல்லை. சந்தோஷத்தில் அவன் சொன்ன "லேசா" காதில் விழவில்லை.

வண்டியை எடுக்கும்போது றிஸ்மி ஜன்னலோரம் வந்து நின்றான். "அண்ணே, கோவிச்சிக்காதீங்க. கண்ணயும் ஒருக்கா காட்டிக்கொங்க. நாளும் பெரியாஸ்பத்திரிக்குத்தானே போறீங்க."

"காட்டுறேன் தம்பி, காட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டார்.

துரை சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சாயங்காலம் தானே வேனை ஓட்டிப் பார்த்து, "உண்மைதான், லைட்டு கிழியுது" என்று ஒத்துக்கொண்டார். கொழும்புக்குப் போனுக்கு மேல் போன் போட்டுச் சண்டை பிடித்தார். "என் டிரைவர் பொய் சொல்ல மாட்டான்" என்று துரை போனில் சொன்னதை ஆபீஸ் கிளாக் வந்து சொன்னபோது அழகமுத்துவுக்கு உடம்பே சிலிர்த்தது. கண்ணாடி வரும்வரைக்கும் பகலில் மட்டும் ஓட்டச் சொன்னார்கள். இருட்டினால் லொறி டிரைவர் போனார். அந்தச் சில கிழமைகளில்தான் அழகமுத்து இரவு முழுக்கத் தூங்கினார். தூங்கித் தூங்கியும் அசதி மட்டும் தீரவில்லை. கண்ணுக்குப் பின்னால் ஏதோ கனத்துக்கொண்டே இருந்தது. கண் கிளினிக்குக்கு எதிரே மரத்தடியில் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார், வழக்கம்போல் தலையைச் சாய்த்தார்.

புதுக் கண்ணாடி வந்து சேர்ந்த அன்று மல்லிகாவுக்கும் முழங்கால் கிளினிக் இருந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, இருவருமாக றிஸ்மியின் கராஜில் காத்திருந்தார்கள். மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. கழற்றின கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். இடத்தை விட்டு இறங்கின பிறகு அது சாதாரணக் கண்ணாடி மாதிரித்தான் தெரிந்தது. புதுசில் கம்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய சுவிட்சுக்குப் போன வயரை றிஸ்மி டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான்.

"இனி ஒங்கள யாரும் கம்பிக் கண்ணாடின்னு சொல்ல ஏலாது அண்ணே."

"சொல்லிட்டுப் போறானுங்க" என்றார் அழகமுத்து. அன்றைக்கு அவருக்கு யார்மேலும் கோபம் இல்லை.

பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மாவனல்லை தாண்டி அரநாயக்க ரோட்டில் ஏறும்போது எதிரே ஒரு த்ரீவீலர் வந்தது. ஒற்றை லைட். அது நூல் நூலாகப் பிரிந்தது.

மழைத் தண்ணீராக இருக்கும் என்று வைப்பரைப் போட்டார். அடுத்து ஒரு கார். பிரிந்தது. ஓரம் கட்டி இறங்கி, துணியால் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைத்தார், உள்பக்கம் துடைத்தார். மல்லிகா பூசணிக் கொடி பைப்போரத்தில் நன்றாகப் படர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். மறுபடி வண்டியை எடுத்தார். வளைவில் பஸ் வந்தது.

சிலந்தி வலை கண்ணாடி முழுக்க விரிந்தது. முன்னைக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

பூட்டிக் கிடந்த ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். வலது கைப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார். முகத்தில் குளிர்காற்று அடித்தது. இப்போது கண்ணுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடியும் இல்லை. எதிர் மலையில் வீடுகளில் லைட் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம், வட்டத்திலிருந்து நாலு பக்கமும் நூல்.

அந்த ஜன்னல் இரண்டு வருஷமாக அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எந்த நாளாவது இறக்கி ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கலாம். தோன்றாமல் இல்லை. பயம். பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்கிற பயம்.

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மல்லிகா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"விளக்குக்கும் கூசுதுன்னீங்க" என்றாள் மெதுவாக. "விளக்குக்கு முன்னால ஏதுங்க கண்ணாடி?"

"தெரிஞ்சுதான் இருந்தியா?"

"தெரியும்."

"அப்ப ஏன் புள்ள சொல்லல?"

முழங்காலைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் அந்தப் பைப்பு வேண்டியிருந்துச்சுங்க" என்றாள். "வெள்ளையம்மா விழுந்தன்னைக்குச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். பாவி நானு."

தோட்டத்துக்கு இன்னும் நாலைந்து வளைவுதான். "இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று ஊரெல்லாம் பெருமை பேசினவர் அவர். கொஞ்ச காலமாக அதைத்தான் செய்து வந்திருக்கிறார். கை சாவியைத் தொட்டது. மெல்லப் போய்ச் சேர்ந்துவிடலாம். நாளைக்குப் பகலில் யோசிக்கலாம். துரையிடம் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச காலம்...

டியூஷன் முடிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு வேனைத் தாண்டிப் போனார்கள். பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் அவர்கள் இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

சாவியைக் கழற்றினார். போனை எடுத்து மல்லிகாவிடம் கொடுத்து, துரையின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார்.

"ஐயா, அழகமுத்து பேசுறேங்க. கண்ணாடி போட்டாச்சுங்க."

"நல்லம். இப்ப எப்படி? சுத்தமா தெரியுதா?"

துரையின் குரலில் அத்தனை சந்தோஷம்.

"கண்ணாடில ஒண்ணும் இல்லீங்க ஐயா. முந்தியும் பெருசா ஒண்ணும் இருக்கலீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "கண்ணுதாங்க."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எங்க நிக்கிறே?" என்றார் துரை கடைசியில். அழகமுத்து இடத்தைச் சொன்னார். "அங்கயே இரு. வண்டிய எடுக்காதே. லொறி டிரைவரை அனுப்புறேன்."

இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து பனி இறங்க, ஜன்னலை ஏற்றிவிட்டார்கள். இருவர் மூச்சிலும் புதுக் கண்ணாடி ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியது. அழகமுத்துவின் விரல் பழக்கத்தில் போய்ச் சுவிட்சைத் தட்டியது. டிக் என்றது. கண்ணாடி தெளியவில்லை. வயர் உள்ளே டேப் சுற்றிக் கிடப்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மல்லிகா சீலைத் தலைப்பை எடுத்து, அவர் பக்கத்துக் கண்ணாடியை எட்டித் துடைக்கப் போனாள்.

"விடு புள்ள" என்றார். "நானா ஓட்டப் போறேன்."